கிளை நிலை அணுகல் அனுமதி: கிட் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையில் அதன் இயங்குமுறையும் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

பலர் கூடிப் பணியாற்றும் மின்களஞ்சியம் ஒன்றில் எந்தக் கிளையை யார் மாற்றலாம் என்பதை வரையறுக்கும் ஏற்பாடு கிளை நிலை அணுகல் அனுமதி எனப்படும். இன்று பெரிதும் வழங்கிவரும் கிட் முறைமையில் கிளை என்பது கோப்புகள் தங்கும் இடமன்று. ஒரு சேமிப்புப் பதிவைக் காட்டிநிற்கும் நகரும் சுட்டியே ஆகும். இவ்வொரு பண்பிலிருந்தே அனுமதி எதனைக் காக்கும், எதனைக் காக்காது என்பதை வருவித்துக் கொள்ளலாம் என இக்கட்டுரை வாதிடுகிறது. சப்வெர்ஷன் முறைமையோடு ஒப்பிட்டும், கிட்டோலைட், கெரிட், கிட்ஹப், கிட்லேப் ஆகியவற்றின் விதிமுறைகளை விளக்கியும், 2021இல் பிஎச்பி மொழியின் களஞ்சியத்தில் நிகழ்ந்த ஊடுருவலைச் சான்றாகக் கொண்டும் இவ்வாதம் நிறுவப்படுகிறது. இறுதியில் உரைத்தொகுப்புத் திட்டங்களுக்கு ஏற்ற நடைமுறை ஒன்று முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பதிப்புக் கட்டுப்பாடு, கிட், கிளை, அணுகல் அனுமதி, காப்புக் கிளை, களஞ்சியப் பாதுகாப்பு.

1. முன்னுரை

ஒரு கோப்பில் யார், எப்பொழுது, என்ன மாற்றம் செய்தார் என்பதைத் தொடர்ச்சியாகப் பதிந்து, வேண்டியபோது பழைய நிலைக்குத் திரும்ப உதவும் மென்பொருள் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை ஆகும். நிரலாளர்களின் கருவியாகத் தோன்றிய இது, இன்று அகராதி, உரைத்தொகுப்பு, மொழியியல் தரவு ஆகியவற்றைக் கூட்டாக உருவாக்குவோர்க்கும் பயன்பட்டு வருகின்றது. கூட்டுப்பணி பெருகும்போது, களஞ்சியத்தின் எந்தப் பகுதியை யாரிடம் ஒப்படைப்பது என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவுக்குக் ‘காப்புக் கிளை’ என்னும் அமைப்பைத் தெரிவு செய்தால் போதும் என்பதே பெரும்பான்மையோரின் விடையாக உள்ளது. அவ்வமைப்பு பயனுடையதே, எனினும் அது எதனைத் தடுக்கிறது என்பதை அறியாமல் நம்புவது இருவகைத் தீங்கைத் தரும். ஒன்று, மறைக்கப்பட்டது எனக் கருதப்பட்ட தரவு வெளிப்படுதல். மற்றொன்று, காக்கப்பட்டது எனக் கருதப்பட்ட கிளைக்குள் அயலார் மாற்றம் நுழைதல். இவ்விரண்டும் ஏன் நிகழ இயலும் என்பதைக் கிட் முறைமையின் உள்ளமைப்பைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கருவிகளின் கட்டளை வரிகள் இங்குத் தரப்படவில்லை; அவற்றின் அடியில் உள்ள கருத்தமைப்பே விளக்கப்படுகிறது.

2. கிளை என்பது யாது?

சப்வெர்ஷன் முறைமையின் முதல் நிலைப்பதிப்பு 2004இல் வெளிவந்தது. அதில் களஞ்சியம் ஒரு மைய சேவையகத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். கிளை என்பது அக்களஞ்சியத்தினுள் ஒரு கோப்புறையே ஆகும். முதன்மைப் பணி ஒரு கோப்புறையிலும் கிளைகள் மற்றொரு கோப்புறையின் கீழும் வைக்கப்படுவது வழக்கம். எனவே கிளைக்கு அனுமதி வரையறுப்பதும் கோப்புறைக்கு அனுமதி வரையறுப்பதும் அங்கு ஒன்றே. அனுமதிக் கோப்பு ஒன்றில் கோப்புறையின் பாதையை எழுதி, அதன்கீழ் எந்தக் குழுவுக்கு வாசிப்பும் எழுத்தும், எந்தக் குழுவுக்கு வாசிப்பு மட்டும், யாருக்கு இரண்டும் இல்லை எனக் குறித்தால் போதும். ஒவ்வொரு செயலும் மைய சேவையகத்தின் வழியே நடப்பதால், வாசிப்பையும் எழுத்தையும் அச்சேவையகம் தனித்தனியே தடுக்க வல்லது.

கிட் முறைமையின் அமைப்பு இதனின்றும் அடிப்படையிலேயே வேறானது. லினக்ஸ் கருவகத்தின் வளர்ச்சிப் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதனை உருவாக்கினார். இதில் ஒவ்வொரு பயனரிடமும் களஞ்சியத்தின் முழு வரலாறும் படியாக இருக்கும். கோப்புகளின் ஒரு நிலையை, அதனை உருவாக்கியவர் பெயர், நாள், குறிப்பு, முந்தைய நிலையின் அடையாளம் ஆகியவற்றோடு சேர்த்துச் சேமிக்கும் பதிவு கமிட் எனப்படும். ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்பட்ட 40 இலக்க ஹேஷ் எண் அடையாளமாகிறது. கிளை என்பது அந்த எண்களுள் ஒன்றைத் தாங்கிய சிறு குறிப்பு மட்டுமே. புதிய கமிட் சேரும்போது அக்குறிப்பிலுள்ள எண் மாற்றி எழுதப்படுகிறது. அதனையே ‘கிளை முன்னேறியது’ என்கிறோம்.

இதனை நூலக உவமை ஒன்றால் விளக்கலாம். சப்வெர்ஷனின் கிளை, பூட்டப்படக்கூடிய தனி அறையைப் போன்றது. கிட்டின் கிளையோ, ஒரே கூடத்தில் அடுக்கப்பட்ட நூல்களுள் ஒன்றில் செருகப்பட்ட அடையாளத்தாளைப் போன்றது. அறையைப் பூட்டினால் உள்ளே உள்ளவை மறைகின்றன. அடையாளத்தாளை யார் நகர்த்தலாம் எனக் கட்டுப்படுத்தினால் தாள் மட்டுமே காக்கப்படுகிறது. நூல்கள் கூடத்திலேயே இருக்கின்றன. கிட் முறைமையில் கிளை அனுமதி பற்றிய பிற செய்திகள் யாவும் இவ்வேறுபாட்டின் விரிவே ஆகும்.

3. அனுமதி சோதிக்கப்படும் இடம்

ஒவ்வொருவரிடமும் முழுப் படி இருப்பதால், தம் கணினியில் உள்ள கிளையை அவர் விரும்பியவாறு மாற்றுவதைத் தடுக்க இயலாது. தடுப்பதற்குத் தேவையும் இல்லை. அவரது மாற்றம் பொதுக் களஞ்சியத்திற்கு அனுப்பப்படும் தருணமே சோதனைக்குரியது. இவ்வனுப்புதல் புஷ் எனப்படும்.

புஷ் நிகழும்போது சேவையகம் முதலில் புதிய கமிட்டுகளைப் பெற்றுக்கொள்கிறது. சுட்டிகளை நகர்த்துவதற்கு முன், நிர்வாகி எழுதிவைத்த சிறுநிரல்களை அது இயக்குகிறது. இவை ஹூக் எனப்படும். ஒவ்வொரு ஹூக்குக்கும் மூன்று செய்திகள் தரப்படுகின்றன: சுட்டியின் பழைய எண், அது பெறவிருக்கும் புதிய எண், சுட்டியின் பெயர். ஹூக் மறுப்பைத் தெரிவித்தால் சுட்டி நகராது. ஹூக்குகளுள் ஒருவகை, ஒரு புஷ்ஷில் வந்த அனைத்துச் சுட்டிகளுக்கும் ஒரே முடிவை வழங்கும். மற்றொரு வகை, ஒவ்வொரு சுட்டிக்கும் தனித்தனியே முடிவு கூறும். கிளை நிலை அனுமதி என்று நாம் வழங்குவது, எக்கருவியின் வழியே வந்தாலும், சாரத்தில் இம்மூன்று செய்திகளோடு ‘அனுப்புபவர் யார்’ என்னும் நான்காவது செய்தியையும் சேர்த்து எடுக்கப்படும் முடிவே ஆகும்.

அந்நான்காவது செய்தி கிட்டிலிருந்து வருவதில்லை என்பது கருதத்தக்கது. கிட் முறைமைக்குள் பயனர் கணக்கு என்னும் கருத்தே இல்லை. கமிட்டில் காணப்படும் ஆசிரியர் பெயரும் மின்னஞ்சலும் பயனர் தம் கணினியில் தாமே எழுதிக்கொண்டவை. எவரும் எவர் பெயரையும் எழுதலாம். புஷ் செய்பவரை அடையாளம் காண்பது எஸ்எஸ்எச் இணைப்போ வலைச் சேவையகமோ செய்யும் பணியாகும். ஆகவே ஒரு மாற்றத்தில் மூன்று அடையாளங்கள் உள்ளன: எழுதியவர், கமிட்டாகச் சேர்த்தவர், புஷ் செய்தவர். முதலிரண்டும் கமிட்டில் பதியும், ஆனால் சரிபார்க்கப்படாதவை. மூன்றாவது சரிபார்க்கப்பட்டது, ஆனால் கமிட்டில் பதிவதில்லை. சேவையகத்தின் செயற்பதிவேட்டில் மட்டுமே அது எஞ்சும்.

புஷ்ஷின் தன்மையும் சோதனைக்கு உட்பட்டது. புதிய கமிட், கிளை காட்டிய பழைய கமிட்டின் வழித்தோன்றலாக இருப்பின் வரலாறு நீள்கிறது. அவ்வாறின்றிச் சுட்டியை வேறொரு கமிட்டுக்கு வலிந்து நகர்த்தினால் இடைப்பட்ட பணி கிளையிலிருந்து மறைந்துவிடும். 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் திட்டத்தின் 150க்கும் மேற்பட்ட களஞ்சியங்களில், பங்களிப்பாளர் ஒருவரின் கணினியிலிருந்து தவறுதலாக நிகழ்ந்த இத்தகைய வலிந்த புஷ், கிளைகளைப் பழைய நிலைக்குக் கொண்டு சென்றது. கமிட்டுகள் அழிந்துவிடவில்லை, சுட்டிகள் பின்னகர்ந்தன. ஆதலால் அவற்றை மீட்க முடிந்தது. எழுத்தனுமதி உடையவர் அனைவரும் வலிந்த புஷ்ஷும் செய்யலாம் என விட்டிருந்ததே அங்கு இடர். எழுதும் உரிமையும் வரலாற்றை மாற்றும் உரிமையும் வேறு வேறானவை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. இவ்விரண்டையும் பிரிப்பதற்கான எளிய வழி கிட்டிலேயே உண்டு: வலிந்த நகர்வையும் சுட்டி நீக்கத்தையும் மறுக்கும் இரு அமைப்புகளைச் சேவையகக் களஞ்சியத்தில் இயக்கலாம். ஆனால் அவை எல்லாக் கிளைக்கும் எல்லாப் பயனருக்கும் பொதுவானவை. கிளைக்குக் கிளை, ஆளுக்கு ஆள் வேறுபடுத்த வேண்டுமாயின் கூடுதல் கருவி தேவை.

4. விதிகளை எழுதும் முறைகள்

சீதாராம் சாமர்த்தி 2009இல் உருவாக்கிய கிட்டோலைட், மேற்கூறிய ஹூக் முறையை ஒழுங்குபடுத்திய கருவியாகும். சேவையகத்தில் ஒரே ஒரு இயங்குதளக் கணக்கு இருக்கும். பயனர் ஒவ்வொருவரும் தத்தம் எஸ்எஸ்எச் சாவியால் வேறுபடுத்தப்படுவர். விதிகள் ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. அக்கோப்பும் ஒரு கிட் களஞ்சியத்தினுள்ளேயே இருப்பதால், அனுமதியை யார், எப்பொழுது மாற்றினார் என்னும் வரலாறும் பதிவாகிறது. வாசிப்பு, வாசிப்போடு எழுத்து, வலிந்த புஷ்ஷையும் உள்ளடக்கிய எழுத்து, மறுப்பு என்னும் நிலைகள் அதில் வேறுபடுத்தப்படுகின்றன.

கிட்டோலைட் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்தும் முதல் விதியின்படி முடிவெடுக்கிறது. ஆகவே வரிசையே பொருளைத் தீர்மானிக்கிறது. முதன்மைக் கிளைக்குப் பதிப்பாசிரியர் குழுவுக்கு மட்டும் எழுத்தனுமதி தரவேண்டும். பிற கிளைகளில் உறுப்பினர் அனைவரும் எழுதலாம் எனக் கொள்வோம். இதற்கு மூன்று விதிகள் வேண்டும்: பதிப்பாசிரியர்க்கு முதன்மைக் கிளையில் அனுமதி, அதன்கீழ் அனைவர்க்கும் முதன்மைக் கிளையில் மறுப்பு, அதன்கீழ் உறுப்பினர்க்கு எல்லாக் கிளைகளிலும் அனுமதி. இடையிலுள்ள மறுப்பை விட்டுவிட்டால் மூன்றாம் விதி முதன்மைக் கிளையையும் அனைவர்க்கும் திறந்துவிடும். மேலும், விதியில் எழுதும் கிளைப்பெயர் ஒரு வடிவக் குறியாகக் கொள்ளப்படுகிறது. அதன் முடிவிடம் குறிக்கப்படாவிடின் அப்பெயரில் தொடங்கும் வேறு கிளைகளும் அதற்குள் அடங்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் ஒரே கிளைக்குப் பொருந்தும்போது எது வெல்லும் என்பதில் கருவிகள் தம்முள் மாறுபடுகின்றன. கிட்டோலைட்டில் முதலில் வருவது வெல்லும். கிட்லேப்பில், புஷ், இணைப்பு ஆகிய அனுமதிகளைப் பொறுத்தவரை, மிகத் தளர்ந்த விதி வெல்லும். கிட்ஹப்பின் விதித்தொகுதிகளில் மிக இறுகிய விதி வெல்லும். இம்மூன்றும் தம்மளவில் முரணற்றவை. ஆயினும் ஒரு கருவியில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது, இறுக்குவதாக எண்ணி எழுதிய விதி பயனற்றுப்போக இடமுண்டு. களஞ்சியத்தை இடம் மாற்றும் குழுவினர் விதிகளை மொழிபெயர்ப்பது போதாது. புதிதாக எழுதி, அனுமதியற்ற கணக்கு ஒன்றின் மூலம் புஷ் செய்து பார்த்துச் சோதிக்க வேண்டும்.

2015இல் கிட்ஹப் அறிமுகப்படுத்திய காப்புக் கிளை, இத்துறையில் வேறொரு நோக்கைப் பரவலாக்கியது. ‘யார் எழுதலாம்’ என்பதோடு ‘எவ்வழியாக எழுதலாம்’ என்பதும் அங்கு விதியாகிறது. நேரடிப் புஷ் மறுக்கப்பட்டு, இணைப்பு வேண்டுகோள் ஒன்றின் வழியாகவே மாற்றம் வரவேண்டும். அதனை மற்றொருவர் மதிப்பிட்டு ஏற்க வேண்டும். தானியக்கச் சோதனைகள் வெற்றிபெற வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். ஆண்ட்ராய்டு பணிக்கெனக் கூகுள் நிறுவனத்தில் உருவான கெரிட் இதனைத் தொடக்கம் முதலே மையக் கொள்கையாகக் கொண்டிருந்தது. அங்குப் பங்களிப்பாளர் கிளைக்குப் புஷ் செய்வதில்லை. மதிப்பீட்டுக்கென ஒதுக்கப்பட்ட தனிப் பெயர்வெளிக்கே அனுப்புகிறார். மதிப்பீட்டாளர் வழங்கும் மதிப்பெண் நிபந்தனையை நிறைவு செய்தபின்னரே கெரிட் கிளையை நகர்த்துகிறது.

இவ்வகை அமைப்புகளில் இரண்டு இடைவெளிகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, நிர்வாகிகளுக்கு விதிவிலக்கு இருத்தல். அதனை நீக்கினாலன்றிக் காப்பு விதி அதிகாரம் மிக்க கணக்குகளைக் கட்டுப்படுத்துவதில்லை. களவாடப்பட்டால் மிகுந்த தீங்கு விளைப்பவையும் அக்கணக்குகளே. மற்றொன்று, ஏற்பு வழங்கப்பட்டபின் அதே வேண்டுகோளில் புதிய கமிட் சேர்தல். பழைய ஏற்பைத் தானாகவே நீக்கும் அமைப்பைத் தெரிவு செய்யாவிடின், எவரும் காணாத மாற்றம் ‘மதிப்பிடப்பட்டது’ என்னும் முத்திரையோடு உட்புகும்.

5. வாசிப்பைத் தடுத்தல்: அனுமதியின் எல்லை

எழுத்தைத் தடுப்பது போலவே ஒரு கிளையை வாசிக்கவும் தடை விதிக்க இயலுமா என்பது பலரும் எழுப்பும் வினா. சப்வெர்ஷனில் இயலும். கிட்டில், சுட்டியைப் பார்வையிலிருந்து மறைக்க இயலும். அதன்பின்னுள்ள தரவு மறைந்துவிட்டது என உறுதி கூற இயலாது. கிட்டின் அதிகாரப்பூர்வ ஆவணங்களே, மறைபொருளான தரவைத் தனிக் களஞ்சியத்தில் வைக்குமாறு அறிவுறுத்துகின்றன.

காரணம் தரவு சேமிக்கப்படும் முறையில் உள்ளது. கமிட்டுகளும் கோப்புகளும் கிளைவாரியாகப் பிரித்து வைக்கப்படுவதில்லை. எல்லாம் ஒரே தொகுதியில் ஹேஷ் எண்ணால் அடையாளம் பெற்றுக் கிடக்கின்றன. இரு கிளைகளில் ஒரே கோப்பு இருப்பின் அது ஒருமுறை மட்டுமே சேமிக்கப்படும். மேலும் தரவை அனுப்பும்போது, அளவைக் குறைப்பதற்காக, ஒரு கோப்பை மற்றொன்றிலிருந்து அது வேறுபடும் பகுதிகளாக மட்டும் அனுப்புவதும் உண்டு. தம்மிடம் இல்லாத மறைகோப்பு ஒன்றின் எண்ணை அறிந்தவர், ‘அக்கோப்பு என்னிடம் உள்ளது’ எனப் பொய்யாக அறிவித்து, தம்மிடம் ஏற்கெனவே உள்ள மற்றொரு கோப்பைக் கேட்டால், சேவையகம் அதனை மறைகோப்பிலிருந்து வேறுபடும் பகுதிகளாக அனுப்பக்கூடும். அதிலிருந்து மறைகோப்பின் உள்ளடக்கம் கசியும். இவ்வழி கிட் ஆவணங்களிலேயே விளக்கப்பட்டுள்ளது.

கிட்டோலைட்டிலும் வாசிப்பனுமதி களஞ்சியம் முழுமைக்குமே பொருந்தும். கிளைப்பெயர் கொண்டு எழுதப்படும் விதி எழுத்துக்கே உரியது. கெரிட் சுட்டிவாரியாக வாசிப்பனுமதி வழங்குகிறது. ஆனால் அது தனக்கெனத் தனிச் சேவையகத்தை இயக்கி, ஒவ்வொரு கோரிக்கையிலும் பயனர்க்குத் தெரியும் சுட்டிகளைக் கணக்கிட்டே அவ்வாறு செய்கிறது. கிட்ஹப்பில், ஒரு களஞ்சியத்திலிருந்து கிளைத்த படிகள் யாவும் ஒரே வலையமைப்பாகக் கருதப்படுவதால், ஒன்றில் உள்ள கமிட்டை அதன் எண்ணைக் கொண்டு மற்றொன்றின் வழியே காண இயலும் என அந்நிறுவனத்தின் ஆவணங்கள் கூறுகின்றன. கடவுச்சொல் ஒன்று தவறுதலாகக் கிளையில் சேர்ந்துவிட்டால், அக்கிளையை நீக்குவது தீர்வன்று. கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் தீர்வு என்பதன் காரணமும் இதுவே.

6. பிஎச்பி களஞ்சிய ஊடுருவல்: ஒரு சான்று

எழுத்தனுமதியின் வலிமை எதனைச் சார்ந்துள்ளது என்பதை 2021இல் பிஎச்பி மொழியின் மூலநிரல் களஞ்சியத்தில் நிகழ்ந்த ஊடுருவல் தெளிவாகக் காட்டுகிறது. உலகின் பெரும்பகுதி வலைத்தளங்கள் அம்மொழியில் இயங்குவதால் அதன் களஞ்சியத்தில் நுழையும் ஒரு வரிக்கும் விளைவு பெரிது.

2021 மார்ச் 28 அன்று, அதன் முதன்மை வளர்ச்சிக் கிளையில் இரண்டு தீய கமிட்டுகள் சேர்க்கப்பட்டன. ஒன்று மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் பெயரிலும், மற்றொன்று அதன் முதன்மை வளர்ச்சியாளருள் ஒருவரான நிகிதா போபோவ் பெயரிலும் இருந்தன. எழுத்துப்பிழை திருத்தம் என்னும் குறிப்போடு வந்த அம்மாற்றம், வலைக் கோரிக்கையில் குறிப்பிட்ட ஒரு தலைப்புவரி இருப்பின் அதில் உள்ள நிரலைச் சேவையகத்தில் இயக்கும் பின்வாயிலை உருவாக்கியது. சில மணிநேரத்திற்குள் பிற பங்களிப்பாளர் அதனைக் கண்டறிந்தனர், மாற்றம் நீக்கப்பட்டது, பொதுவெளியீடு எதிலும் அது இடம்பெறவில்லை.

இங்குக் கவனிக்கத்தக்கது, அனுமதி விதிகள் மீறப்படவில்லை என்பதே. அத்திட்டம் தானே உருவாக்கிய ‘கர்மா’ என்னும் அனுமதி முறையையும் கிட்டோலைட்டையும் பயன்படுத்தி வந்தது. திட்டத்தின் சேவையகமே கைப்பற்றப்பட்டது என முதலில் ஐயுறப்பட்டது. பின்னர் ஏப்ரல் மாதத்தில் வெளியிடப்பட்ட விளக்கத்தில் வேறொரு வழி சுட்டப்பட்டது. எஸ்எஸ்எச் சாவியால் நடைபெறும் புஷ் கிட்டோலைட் வழியே சென்றது. ஆனால் எச்டிடிபிஎஸ் வழியே கடவுச்சொல் கொண்டு செய்யும் புஷ் கிட்டோலைட்டைக் கடக்காமல், வலைச் சேவையகத்தின் வழியே நேராகக் களஞ்சியத்தை அடைந்தது. தாக்கியவர் சில பயனர்பெயர்களை முயன்று பார்த்து, சரியான பெயர் கிடைத்தவுடன் உள்நுழைந்திருந்தார். எனவே பயனர் தரவுத்தளம் கசிந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது.

இதிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, அனுமதி விதியின் வலிமை அடையாளச் சரிபார்ப்பின் வலிமையை விஞ்சாது. கடவுச்சொல்லைப் பெற்றவர்க்கு விதி தானே வழிவிடும். இரண்டாவது, களஞ்சியத்திற்கு இரு வாயில்கள் இருந்து ஒன்றில் மட்டும் காவல் நுட்பமாக அமைந்திருப்பின், மற்ற வாயிலின் தரமே முழு அமைப்பின் தரமாகும். மூன்றாவது, கமிட்டில் காணும் பெயர் சான்றாகாது. இந்நிகழ்வைத் தொடர்ந்து அத்திட்டம் தன் முதன்மைக் களஞ்சியத்தைக் கிட்ஹப்புக்கு மாற்றியது; உறுப்பினர்க்கு இருபடி அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. தீங்கைத் தடுத்தது அனுமதி முறையன்று. வந்த மாற்றங்களைப் படித்துப்பார்த்த மனிதரின் கண்ணே என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

7. கிளையல்லாத வாயில்கள்

கிட்டில் கிளை மட்டுமே சுட்டியன்று. வெளியீட்டுப் பதிப்பைக் குறிக்கும் டேக்கும் ஒரு சுட்டியே. கிளைகளுக்கு விதி எழுதுவோர் டேக்குகளை மறந்துவிடுவதுண்டு. 2025 மார்ச்சில், கிட்ஹப் தானியக்கப் பணிகளில் 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திவந்த ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்’ தொகுப்பின் கருவி ஒன்றில், தாக்கியவர் பழைய பதிப்பு டேக்குகளைத் தீய கமிட் ஒன்றை நோக்கி நகர்த்தினார். அதன்பின் அக்கருவியை டேக்கின் பெயரால் அழைத்த களஞ்சியங்களில் மறைச்சாவிகள் செயற்பதிவேடுகளில் அச்சிடப்பட்டன. கருவியை ஹேஷ் எண்ணால் அழைத்தவர்கள் பாதிக்கப்படவில்லை. எண் உள்ளடக்கத்தோடு பிணைந்தது, பெயரோ நகர்த்தத்தக்கது.

தானியக்கப் பணிகள் இரண்டாவது வாயில். காப்பற்ற கிளை ஒன்றில் எழுதும் உரிமை மட்டும் உடையவர், அக்கிளையில் உள்ள தானியக்க வரையறைக் கோப்பைத் திருத்தி, வெளியீட்டுக்கான மறைச்சாவியை அச்சிடச் செய்யக்கூடும். முதன்மைக் கிளை தீண்டப்படாமலேயே அதன் காவல் பொருளற்றதாகிறது. இதனைத் தவிர்க்கவே கிட்லேப், காப்புக் கிளைகளில் இயங்கும் பணிகளுக்கு மட்டும் மறைச்சாவிகளை வழங்கும் அமைப்பைக் கொண்டுள்ளது.

8. உரைத்தொகுப்புத் திட்டங்களுக்கான நடைமுறை

மேற்கண்ட கருத்துகளை ஆய்வுக் குழு ஒன்றின் தேவையோடு பொருத்திப் பார்க்கலாம். சுவடிப் படியெடுப்பு, பாடவேறுபாட்டுக் குறிப்பு, திருத்திய மூலபாடம் ஆகியவற்றைப் பல மாணவரும் சில பதிப்பாசிரியரும் சேர்ந்து உருவாக்கும் மின்பதிப்பைக் கருதுக. இங்கு நேரக்கூடிய இழப்பு பொருளியல் சார்ந்ததன்று. மேற்கோளாகக் காட்டப்பட்ட பாடம் பின்னர்ச் சுவடின்றி மாறிவிடுமாயின், அதனை ஆதாரமாகக் கொண்ட ஆய்வுகள் நிலைகுலையும்.

முதலாவதாக, வாசிப்பு வேறுபாடு தேவைப்படுவனவற்றைத் தனிக் களஞ்சியமாகப் பிரிக்க வேண்டும். உரிமையாளர் வெளியிட இசையாத சுவடிப் படங்களை அதே களஞ்சியத்தின் ‘மறைந்த கிளை’யில் வைப்பது பாதுகாப்பாகாது.

இரண்டாவதாக, முதன்மைக் கிளைக்கு நேரடிப் புஷ்ஷை அனைவர்க்கும், நிர்வாகி உட்பட, மறுத்துவிட வேண்டும். பணிக்கிளைகளில் மாணவர் தடையின்றி எழுதலாம். பதிப்பாசிரியர் ஒருவரின் ஏற்போடு மட்டுமே மாற்றம் முதன்மைக் கிளையில் இணைய வேண்டும். கிளை அனுமதி கோப்புகளை வேறுபடுத்தாது என்பதால், குறிப்பிட்ட நூற்பகுதிக்குக் குறிப்பிட்ட பதிப்பாசிரியரின் ஏற்பு தேவையெனில், கோப்புப் பாதைக்குப் பொறுப்பாளரைக் குறிக்கும் அமைப்பைத் தனியே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவதாக, வெளியிடப்பட்ட பதிப்பைக் குறிக்கும் டேக்குகளை நகர்த்தவோ நீக்கவோ எவர்க்கும் அனுமதி இருத்தலாகாது. ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுவோர் டேக்கின் பெயரோடு கமிட்டின் ஹேஷ் எண்ணையும் தருதல் நன்று.

நான்காவதாக, படிப்பை முடித்து வெளியேறும் மாணவரின் அனுமதியை நீக்குவதற்குப் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். அனுமதியைத் தனியாளுக்கன்றிக் குழுவுக்கு வழங்கினால், குழுப் பட்டியலில் ஒரு பெயரை நீக்கினாலே போதும்.

ஐந்தாவதாக, யார் புஷ் செய்தார் என்னும் செய்தி சேவையகத்தின் பதிவேட்டில் மட்டுமே எஞ்சுவதால், அப்பதிவேட்டைக் காத்து வைக்க வேண்டும். கையொப்பமிட்ட கமிட்டுகளைக் கட்டாயமாக்குவது மாற்றத்தின் உரிமையாளரை உறுதிப்படுத்த மேலும் உதவும். ஆனால் சாவிகளைப் பேணும் பயிற்சி குழுவுக்கு இருந்தாலன்றி அது சுமையாகவே முடியும்.

9. முடிவுரை

கிட் முறைமையில் கிளை நிலை அனுமதி என்பது சுட்டியை நகர்த்தும் உரிமையை வரையறுப்பதாகும். ஆதலால் அது எழுத்தைக் காக்கும், வாசிப்பைக் காக்காது. பொதுக் களஞ்சியத்தில் செயல்படும். தனியர் படியில் செயல்படாது. புஷ் செய்பவரின் அடையாளத்தைச் சார்ந்து நிற்கும். கமிட்டில் எழுதப்பட்ட பெயரைச் சாராது. அந்த அடையாளச் சரிபார்ப்பு தளர்ந்தால் விதியும் தளரும் என்பதைப் பிஎச்பி நிகழ்வும், கிளையை மட்டும் காத்து ஏனைய சுட்டிகளை விட்டுவிடுவது போதாது என்பதை 2025ஆம் ஆண்டு நிகழ்வும் காட்டுகின்றன.

எனவே கூட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்குவோர், ‘எந்தக் கிளைக்கு எவர்க்கு அனுமதி’ என்னும் பட்டியலை எழுதுமுன், எதனை மறைக்க வேண்டும், எதனை மாறாமல் காக்க வேண்டும், எவ்வெவ்வழிகளில் களஞ்சியத்தை அடையலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பது தேவை. முதல் வினாவின் விடை களஞ்சியங்களைப் பிரிக்கும். இரண்டாவதன் விடை கிளைக்கும் டேக்குக்கும் விதி தரும். மூன்றாவதன் விடை அவ்விதிகள் எல்லா வாயில்களிலும் ஒன்றுபோல் செயல்படுவதை உறுதி செய்யும்.